மூப்பரின் சாம்பல் நிறக் கோட்டு

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு புகைப்படம் பல வருஷமாக மாட்டியிருக்கிறது. கிழிந்த சட்டையும் வெறுங்காலுமாக ஓர் ஆப்பிரிக்கர் மண்சுவர் முன்னால் நிற்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்பார்கள். நானும் அப்பாவின் மிஷனெரி ஊழியத்தைப் பற்றி உருக்கமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். படத்தின் வலது ஓரம் இரண்டு விரற்கடை அளவுக்குச் சட்டத்துக்குள் மறைந்திருக்கும். அப்படி மறைத்து மாட்டித் தரச் சொன்னது நான்தான். ஏன் என்று சட்டம் போட்ட கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பேன். அது எனக்குப் பழகிய வேலை.

எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அப்பா எங்களைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலாவிக்கு அழைத்துப் போனார். தகரக் கூரை வீடு. மழை பெய்தால் ஜெபம் பண்ணுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. முதல் மாதம் முழுக்க அம்மா பேசவே இல்லை. சந்தையில் ஏரி மீன் கருவாட்டைப் பார்த்த அன்றுதான், "அய்யோ, நம்ம நெத்திலி மாதிரியே இருக்கே" என்று சிரித்தாள். அன்றிலிருந்து மக்காச்சோள மாவுக் களியும் அந்தக் கருவாட்டுக் குழம்புமாக வீடு மெல்ல வீடானது. கருவாட்டுக்காரியை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் அந்த ஊர்ச் சபையின் பொறுப்பாளரான மூப்பர். கிணறு, பள்ளிக்கூடம், பாம்புக்கடிக்கு மருந்து என்று எல்லாமே அவர் வழியாகத்தான் எங்களுக்குக் கிடைத்தன. அப்பாவின் ஆங்கிலப் பிரசங்கத்தை அவர்தான் அவர்கள் மொழியில் சொல்வார். அப்பா ஒரு நிமிஷம் பேசினால் அவர் மூன்று நிமிஷம் பேசுவார். சபை சிரிக்கும், அழும். எல்லாம் தன் பிரசங்கத்தின் வல்லமை என்று அப்பா கடைசிவரை நம்பினார்.

ஞாயிறுதோறும் மூப்பர் ஒரு சாம்பல் நிறக் கோட்டில் வருவார். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அதைத் தேய்த்து, ஷூவைப் பளபளவென்று துடைத்து, ஆறு மைல் புழுதியில் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, சபை வாசலில் போட்டுக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பா திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளுக்கு, ஊழியச் செய்தி சொல்லிக் காணிக்கை கேட்கும் ஜெபக் கடிதம் அனுப்புவார். முதல் கடிதத்தில் ஞாயிறு ஆராதனைப் படத்தை வைத்திருந்தார். வந்த பதிலில் ஒரு பெரியவர், அங்கே எல்லாரும் கோட்டும் சூட்டுமாக நம்மைவிட வசதியாக இருக்கிறார்களே, ஊழியத்துக்கு அப்படி என்ன தேவை என்று கேட்டிருந்தார். அந்த வரி அப்பாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த கடிதத்துக்குப் படமெடுக்க வேண்டும் என்றதும் மூப்பர் கோட்டோடு வந்து நின்றார். படம் என்றால் நல்ல உடுப்பில்தான் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நம் வழக்கமும் அதுதானே. அப்பாவுக்கு நேரே கேட்க வாய் வரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போய்ச் சொல்லும்மா. சின்னப் பிள்ள சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டார்" என்றார்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கோட்டு போட்டால் படத்தில் முகம் தெரியாது, தோட்ட வேலைச் சட்டை போட்டால் நன்றாக விழும் என்றேன். அப்பா அப்படிச் சொல்லித் தரவில்லை. அந்தப் பொய் என் சொந்தச் சரக்கு. மூப்பர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, படியில் வைத்தார். ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் ஜோடியாக வைத்தார். பக்கத்து வீட்டில் ஒரு கிழிந்த சட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கடிதத்தை என்னைத்தான் எழுத வைத்தார்கள். "மாற்றுத் துணிகூட இல்லாத மூப்பர்" என்று நான் எழுதினேன். அப்பா தட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு மூப்பர் அதே கோட்டில் வந்து, வழக்கம்போல அப்பாவின் ஒரு நிமிஷத்தை மூன்று நிமிஷமாக்கினார்.

அது பிள்ளை வயசு என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்ச் சபையில், ஊழியத்துக்குக் காணிக்கை எடுக்கும் மிஷன் ஞாயிறு வந்தால் அந்தப் படத்தை ஸ்க்ரீனில் போட்டு அதே கதையைப் பேசியவள் நான். குரல் தழுதழுக்க வேண்டிய இடம்கூட எனக்கு மனப்பாடம்.

போன மாதம் ஒரு மெசேஜ் வந்தது. மூப்பரின் மகள், டாலஸில் நர்ஸாக இருக்கிறார். எங்கள் பழைய மலாவிச் சபை மூலமாக என் நம்பர் கிடைத்ததாம். மூப்பர் இறந்துவிட்டார். நினைவு ஆராதனைக்கு வைக்க ஒரு படம்கூட இல்லை. இந்திய பாஸ்டர் ஒருவர் தன்னைச் சாம்பல் நிறக் கோட்டில் படமெடுத்தார், அது இந்தியாவில் எல்லாச் சபைகளுக்கும் போனது என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்தப் படம் வேண்டும் என்று மகள் கேட்டிருந்தார்.

என் கணவர் படித்துவிட்டு, "ஃபோட்டோ தொலைஞ்சுபோச்சுன்னு ரிப்ளை பண்ணிடு. அவங்களுக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்றார். நான் அப்படியே டைப்பும் செய்தேன். அனுப்ப விரல் வரவில்லை. மூப்பர் தன் பிள்ளைகளிடம் மாற்றிச் சொன்ன கதைக்கும் காரணம் நான்தானே. டைப் செய்ததை அழித்துவிட்டு, படம் என்னிடம்தான் இருக்கிறது, வாருங்கள் என்று அனுப்பினேன்.

சனிக்கிழமை மூப்பரின் மகள் நான்கு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்தார். வருவதற்கு முன்பே படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து வைத்திருந்தேன். காபி கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன்: பொய், கடிதம், மிஷன் ஞாயிறு. மன்னிப்பும் கேட்டேன். அவர் படத்தை இரண்டு கையாலும், முழங்காலைச் சற்று மடித்து வாங்கிக்கொண்டார். அவர் ஊரில் மரியாதைக்கு வாங்குவது அப்படித்தான். எனக்கு அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோட்டு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வலது ஓரத்தைக் காட்டினேன். படியில் மடித்த கோட்டு, பக்கத்தில் ஷூ ஜோடி. கடிதத்தில் அச்சடித்தபோது அப்பா வெட்டியது, பிறகு நான் சட்டத்துக்குள் மறைத்தது.

அவர் படத்தை மேஜையில் வைத்து, ஃபோனை எடுத்துக் குனிந்து, அந்த ஓரத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டார். ஆராதனைக்கு இது போதும் என்றார். பிறகு அந்தப் புகைப்படத்தை இரண்டு கையாலும் என்னிடமே திருப்பித் தந்தார்.

"இது என் அப்பா இல்லை. இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."