மணலை மணலாக வரைந்தவர்

ஓவியர் அருளானந்தம் சார் மறைந்த செய்தி வந்தபோது, நானும் என் மகள் இனியாவும் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். போனில் பேசியது அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி. "காலையில காபி குடிச்சாரும்மா. நாற்காலியிலயே சாஞ்சிட்டாரு" என்றார். உடனே, "பாப்பாவுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். இரண்டாவது அறுவை சிகிச்சையை அடுத்த மாதம் செய்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? "நாங்க நேர்ல வரோம் ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கடைசியாகத் தருவது நான்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடமலைப்பட்டி புதூரில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. ரயில்வேயில் பெட்டிகளின் மேல் எண்ணும் எழுத்தும் எழுதுகிற வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஓய்வு பெற்ற பிறகு அநேகமாக எல்லா நாளும், ஜீயபுரம் பஸ் ஏறிவிடுவார். ஜீயபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரைக்குமான காவிரி, அதன் வாழைத்தோப்பு, வயல். அவர் வரைந்தது இவ்வளவுதான். "ஊட்டி, கொடைக்கானல் போய் வரையலாமே சார்" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "இதையே இன்னும் முடிக்கலையே தம்பி" என்றார்.

எங்கே உட்கார்ந்து ஆரம்பித்தாரோ அங்கேயேதான் படத்தை முடிப்பார். மேகம் வந்து வெளிச்சம் மாறினால் மூடி வைத்துவிட்டு வந்துவிடுவார்; மறுநாள் அதே நேரத்துக்குப் போவார். வீட்டில் அதைத் தொடவே மாட்டார். "வீட்டுல உக்காந்து முடிச்சா என் மனசுல இருக்கிறதுதான் வரும்மா. ஆறு வராது" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் படங்களை வைத்திருந்தபோது, கைக்குழந்தை இனியாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் இருந்தேன். கோடையில் வரைந்த படங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், ஓரமாக மெலிந்த நீர், நாலைந்து மாடுகள். பார்க்க வந்த ஒரு மாமி, "ஏன்னா, இது ராஜஸ்தானா?" என்று கணவரிடம் கேட்டார். சார் எழுந்து போய், "நம்ம அம்மா மண்டபத்துக்கு எதிர்ல மாமி" என்றார். "பெருமாளே! தெனமும் பாக்கற ஆறுன்னா இது! எனக்கு அடையாளமே தெரியலையே" என்று மாமி வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றே ஒரு விடுதி உரிமையாளருக்குப் பெரிய படம் ஒன்று பிடித்துப்போனது. வரவேற்பறையில் மாட்டக் கேட்டார். "கொஞ்சம் தண்ணி மட்டும் விட்டுடுங்க சார். வர்ற கெஸ்ட்டெல்லாம் மணலைப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"தண்ணி நான் விட முடியாதுங்க. மேட்டூர்ல சொல்லுங்க. அவங்க தொறந்தா மறுநாளே போய் வரைஞ்சிடறேன்."

"சரி, ஓரத்துல கோபுரமாவது?"

"அங்க உக்காந்தா கோபுரம் தெரியாதுங்க."

படம் திரும்ப வீட்டுக்கே வந்தது. "ஸ்ரீரங்கத்துல கோபுரத்தை ஒளிச்சு வச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்று ஆட்டோவில் ஆன்ட்டி பொரிந்து தள்ளினார். நியாயம் ஆன்ட்டி பக்கம் என்றுதான் எனக்கும் பட்டது.

இனியாவுக்கு முதல் அறுவை நடந்தது இரண்டு வயதில். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே பெஞ்சில் நானும் சாரும் உட்கார்ந்திருந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னார்கள், சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நான் சாரைப் பிடித்துக்கொண்டேன். "பாப்பா நல்லபடியா வந்துடும்னு நீங்க சொல்லுங்க சார்."

அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியலையேம்மா. கதவு தொறக்கிற வரைக்கும் இங்கதான் இருக்கேன்."

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? அவரோ சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. பிறகு மருத்துவர் வெளியே வந்து, குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னபோது, எனக்கு முன்னால் அழுதது சார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்றேம்மா. நல்லபடியா வந்துட்டா" என்றார்.

நேற்று இனியா கேட்டாள்: "அம்மா, ஆபரேஷன் எறும்பு கடிக்கிற மாதிரிதான இருக்கும்?" ஒவ்வொரு ஊசிக்கும் நான் சொல்லி வந்த பொய் அது. அவளுக்கு இப்போது ஆறு வயது. எறும்பையும் தெரியும், ஊசியையும் தெரியும். வாய் வரை வந்த பதிலை விழுங்கினேன். "இல்ல கண்ணு, அதைவிட வலிக்கும். எவ்வளவுன்னு அம்மாவுக்குத் தெரியல. நீ கண்ணு முழிக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்."

"உள்ள விடுவாங்களா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டுச் சுவரில் சாரின் படம் ஒன்றுகூடக் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் இருப்பது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்று காலை மருத்துவமனையில் விசாரித்தேன். கண் விழித்ததும் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்களாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இனியாவிடம் சொல்ல வேண்டும்.