கனகமணிக்கு நான் துணை

காலையில் குழந்தையை எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்படுகிறேன். அந்த அம்மாள் எங்களுக்கு உறவில்லை. நாங்கள் முழுதாகப் பேசிக்கொள்ள ஒரு பாஷைகூடக் கிடையாது. குழந்தை அவளை ‘ஆயி’ என்கிறாள். மராட்டியர் அம்மாவை அழைக்கும் சொல். உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள் என்று ஊரிலிருந்து மாமியார் கேட்டு எழுதுகிறார். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுவதில்லை.

கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆனர்ஸில் புதிதாகச் சேருகிறவளுக்கு மேல் வகுப்பு மாணவி ஒருத்தியைத் துணையாக வைப்பார்கள். போன வருஷம் எனக்கு வாய்த்தவள் ஒரு குஜராத்திப் பெண், என்னைவிடச் சின்னவள். ஊரில் நான் இன்டர்மீடியட் படித்தபோது மேல் வகுப்புக்காரி வாய் திறந்தால், நீ யாராத்துப் பெண் என்பதுதான் முதல் கேள்வி. இவள் எதுவும் கேட்கவில்லை. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்தப் பேராசிரியர் கட்டுரையில் எதைத் தேடுவார் என்றெல்லாம் காட்டித் தந்தாள். பரீட்சை முடிந்ததும் நன்றிக்காக முறுக்கும் லட்டும் கொண்டுபோனேன். எதற்கு என்று புரியாமல் விழித்தாள்.

இந்த வருஷம் எனக்குக் கொடுத்த பெண் கனகமணி. தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். சரித்திரத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள், “அக்கா, வீட்டுல ஆனர்ஸ் வேண்டாங்காவ” என்றாள். ஆனர்ஸ் வகுப்புகள் சாயங்காலம் வரை நீளும். அவள் வீடு சேர இருட்டிவிடும். பார்ஸிப் பேராசிரியையிடம் சொன்னேன். “நீ போய்ப் பேசு. நீங்கள் இருவரும் மதராஸிகள். நீ தாய் வேறு, கேட்பார்கள்” என்றார். மதராஸி என்ற ஒரே சொல்லுக்குள் நான் இருக்கும் மாதுங்காவும் அவள் இருக்கும் தாராவியும் அவருக்கு அடங்கிவிட்டன.

கடைக்கு மேலேதான் வீடு. கனகமணியின் அம்மா என்னைக் கண்டதும் கீழே குரல் கொடுத்து ஒரு சோடா வரவழைத்தாள். “எங்க வீட்டுத் தண்ணி குடிப்பியளோ என்னமோன்னுதான்.” நான் தண்ணீரே கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் எனக்கு வினையாயிற்று.

“கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெத்து, படிக்கவும் செய்யுதிய! பாத்தியாட்டி கனகு? திருச்செந்தூர் மாப்பிள்ளைய மொதல்ல கட்டு. பொறவு இவுகள மாதிரி படி.”

படிப்புக்குச் சாட்சி சொல்லப் போனவள், பேசத் தொடங்குமுன்பே கல்யாணத்துக்குச் சாட்சியாகிவிட்டேன். பதறிப்போய் உண்மையைச் சொன்னேன்.

“அவ்வளவு சுலபமில்லேம்மா. போன வாரம் குழந்தைக்கு நல்ல ஜுரம். நான் வகுப்பிலே உக்காந்திருக்கேன், எதிர்வீட்டு அம்மாதான் டாக்டர்கிட்டே தூக்கிண்டு ஓடியிருக்கா.”

“அட என் தாயே! பச்சப்பிள்ளைய விட்டுட்டா? அப்படியாப்பட்ட படிப்பு எதுக்கும்மா?”

கனகமணி சிரித்துவிட்டாள். “எம்மா, அவங்க எதைச் சொன்னாலும் ஒனக்குத் தோதாத்தான் கேக்கும்.”

படியேறி வந்த அவள் அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “சாதா பி.ஏ. படிக்கட்டும். நாலு மணிக்கு வீட்டுல இருக்கணும். தை மாசம் பொண்ணு பாக்க வாராவ.” அதோடு முடிந்தது.

தெருமுனை வரை கனகமணி கூட வந்தாள். “நீங்க படிக்கிறது நல்லாருக்கா, கஷ்டமா இருக்கா அக்கா? எது நெசம்?”

“ரெண்டும்தான்” என்றேன். அவள் வேறு ஏதோ எதிர்பார்த்தாள். மாமியார் காதுக்கு எட்டுமோ என்ற பயம் இல்லாதிருந்தால் இன்னும் விவரமாகச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருந்தாலும் அதுவும் அவள் அம்மாவுக்குத்தானே பயன்பட்டிருக்கும்? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மறுநாள் பேராசிரியை ஆவலோடு கேட்டார். “கல்லூரியை விட்டு நிறுத்தவில்லையே?”

“இல்லை. ஆனால்…”

“பிரமாதம்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அந்த ‘ஆனால்’ என்னிடமே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஆனர்ஸ் அறைக்குப் போகிற வழியில் சாதாரண பி.ஏ. வகுப்பு நடக்கும் பெரிய ஹாலைக் கடந்தேன். ஆசிரியர் இன்னும் வரவில்லை. கடைசி வரிசையில் இருந்த கனகமணி என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், பெரியவர்கள் வந்தால் நம் ஊரில் நிற்பதுபோல. இங்கே ஒரு மாணவிக்காக இன்னொரு மாணவி எழுந்திருப்பதில்லை. புடவைக்காரியான என்னை ஆசிரியை என்றெண்ணிப் பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். உட்காரச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், எனக்காக நிற்கிற அவள் உட்காரமாட்டாள். தமிழில் சொன்னால் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாசலிலேயே நின்றேன். அடுத்திருந்த ஆனர்ஸ் அறையில் வருகைப் பதிவு தொடங்கி, என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது.