கீழறைத் தரையில் எழுந்த கால்கள்

எங்கள் வீட்டுக் கீழறைத் தரைக்கு எந்தப் பூச்சு அடிப்பது என்று முடிவெடுக்க அப்பாவுக்கு ஐப்பசி மாதத்தில் பாதி போய்விட்டது. பதுளையில் எங்கள் வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. பாதையிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாதாரண ஓட்டு வீடு. பின்பக்கம் படியிறங்கிப் போனால்தான் அடியில் இன்னோர் அறை இருப்பது தெரியும். அதன் பின்சுவருக்கு அப்பால் மலைதான். சன்னல் கிடையாது, கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு துவாரம் மட்டும். மழை விட்ட பிறகும் அந்தச் சுவரில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் நடப்பது கேட்கும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு முறை.

விறகும் உட்கார லாயக்கில்லாத உடைந்த கதிரைகளும் கிடந்த அந்த அறைக்குத் திடீரென்று மரியாதை வந்ததற்குக் காரணம் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கலியாணம் செய்து கொடுத்திருந்தார்கள். ஆடி மாதம் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். லீவு முடிந்து நான் பாடசாலைக்குப் போனேன்; சித்தி எங்கும் போகவில்லை. சித்தப்பாவுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்பதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

சித்திக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். கீழறையில் ஒரு தையல் வகுப்புத் தொடங்கலாம் என்றது அம்மாவின் யோசனை. ஹல்துமுல்லையிலிருந்து பெரிய மாமா வந்து அறையை எட்டிப் பார்த்தார். அவர் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். எங்கள் வீட்டில் அவர் பேசியதற்குப் பிறகு வேறு பேச்சு இருக்காது.

"தை பொறக்கட்டும். அதுக்குள்ள ஒரு தொழில் அமைஞ்சா இங்கேயே இருக்கட்டும். அமையலேன்னா நானே கூட்டிக்கிட்டுப் போயி புருஷன் வீட்டுல விட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஆக, சித்தி எங்களோடு இருப்பதும் போவதும் ஒரு தரை காய்வதில் வந்து நின்றது.

அப்பா எதையும் வாசித்துவிட்டுத்தான் செய்வார். மாத்திரைக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை வாசிப்பவர். முதலில் ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் அதன் உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. ஈரம் மேலிருந்து வரவில்லை, தரைக்கு அடியிலிருந்து ஏறி வருகிறது என்றார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குப் பிடிக்கவில்லை.

சாதாரண சிவப்புத் தரைப் பெயின்ட் முதலிலேயே தள்ளுபடியானது. மிஞ்சியது இரண்டு. ஒன்று, சீமெந்தோடு கலந்து தூரிகையால் பூசும் நீர்காப்புப் பூச்சு. ஈரத்தோடு ஒத்துப்போகும், ஆனால் சொரசொரப்பு, சாம்பல் நிறத்தில் அழுமூஞ்சியாக இருக்கும். மற்றது எபொக்சி. இரண்டு டின்களைக் கலந்து பூச வேண்டும், கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், விலையும் அப்படி. அப்பா இரண்டு டின்களின் லேபிள்களையும் மாறி மாறி வாசித்தார்.

"தரைக்குப் பூச்சு தேடுறாரா, பொண்ணுக்கு மாப்பிள்ள தேடுறாரான்னே தெரியல" என்றாள் அம்மா.

"ஒன் தங்கச்சிக்கு இந்த அளவு தேடியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார் அப்பா, லேபிளிலிருந்து தலையைத் தூக்காமல். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முடிவைச் சொன்னது சித்திதான். "பளபளப்பாவே போடுங்க மச்சான். ஊசி விழுந்தா கண்ணுக்குத் தெரியணும். புள்ளைங்க வெறுங்காலோட வரும்."

தீபாவளிக்கு முந்திய வாரம், பூச்சு உள்ளே இறங்கிப் பிடிக்கட்டும் என்று அப்பா தரையை அசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். வாசல் படியையும் விடவில்லை. பண்டிகை முடியும்வரை காயட்டும் என்று வாசலுக்குக் குறுக்கே இரண்டு கதிரைகளை வைத்தார். தீபாவளி கழிந்ததும், இருந்ததற்குள் பெரிய பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பூசி முடித்தார். அங்கங்கே தரை கருத்துத் தெரிந்ததை ஈரம் என்று எடுத்துக்கொண்டு அதன் மேலேயே பூசியதாகப் பிற்பாடு சொன்னார்.

தரை அழகாகத்தான் இருந்தது. தையல் மெஷின் இறங்கியது. அயலில் சில பெண்பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சித்தி பாடிக்கொண்டே துணி வெட்டுவதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் குடும்பத்தில் பொங்கலுக்குப் பின் நடந்ததாகச் சொல்வார்கள். அது தவறு. மார்கழியில் நடந்தது. கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை போய்க்கொண்டிருந்தது, எங்களுக்கு லீவு, மழை நாள்கணக்கில் விடாமல் பெய்தது. சித்தி மறந்து வைத்த கத்தரிக்கோலை எடுத்து வர என்னைக் கீழே அனுப்பினார்கள். வாசலிலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில், தரையில் ஏதோ உப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு நீள்வட்டம். அதன் தலைமாட்டில் சின்னச் சின்னதாக ஐந்து கொப்புளங்கள். விரலால் அழுத்தினேன். பெயின்ட்டுக்கு அடியில் தண்ணீர் விலகி ஓடியது. தவளை வயிறு மாதிரிக் குளிர்ந்திருந்தது.

கத்தரிக்கோலை எடுக்காமலே மேலே வந்துவிட்டேன்.

மறுநாள் அதற்கு முன்னால் இன்னொன்று எழுந்திருந்தது. அடுத்த நாள் அதற்கும் முன்னால். இடது, வலது, இடது. மழை பெய்யப் பெய்ய அவை வாசலிலிருந்து பின்சுவரை நோக்கி நடந்தன. சுவரடியில் கடைசி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், விரல்கள் சுவரைப் பார்த்தபடி நின்றன. மற்றவற்றைவிட அவை பெரிதாக உப்பியிருந்தன. திரும்பி வரும் கால்கள் இல்லை.

வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொன்னாள். மறுநாள் அவளுடைய தாய் வந்து, பாதையிலேயே நின்று, "கொஞ்ச நாளு கழிச்சு அனுப்புறேன் தங்கச்சி" என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒருவரும் அனுப்பவில்லை. அம்மா வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். அப்பா மீட்டர் டேப்போடு இறங்கி, கொப்புளங்களை அளந்தார். "தரையிலதான் ஏதோ கோளாறு" என்றார். அம்மா, "அதைத்தாங்க ஊரே சொல்லுது" என்றாள்.

தை பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போதே மாமா வந்துவிட்டார். நனைந்த குடையை மடக்காமல் கீழறை வாசலில் நின்று பார்த்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"போயிருக்கு. திரும்பி வரல" என்றார்.

"எது மச்சான்?" என்று கேட்டார் அப்பா.

"அதத்தான் நான் ஒங்கள கேக்குறேன் மாப்ள." மாமா சித்தியைப் பார்த்துத் திரும்பினார். "துணிமணியெல்லாம் எடுத்து வையி. நாளைக்குக் காலையில மடுல்சீமைக்குக் கெளம்புவோம். இந்த எடத்துல ஒன்னைய விட்டுட்டு நான் நிம்மதியா இருக்க முடியாது."

சித்தி செருப்பைக் கழற்றினாள். மாமாவைத் தாண்டி உள்ளே போய், முதல் கொப்புளத்தின் மேல் வலது காலை வைத்தாள். அது உடைந்து, குதிகால் பக்கமாகத் தண்ணீர் பிதுங்கியது. அடுத்ததில் இடது கால். ஒவ்வொன்றும் அவளுடைய காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அம்மா என் தோளை நசுக்கிப் பிடித்தாள். சித்தி அவசரப்படாமல் நடந்துபோய், சுவரடியில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அது சித்தி இல்லையோ, திரும்பினால் வேறு முகமாக இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்தது.

"என் காலுதான்ணே" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"எப்ப?"

"தீபாவளி அன்னைக்கு. அக்கா தலையிலேருந்து காலு வரைக்கும் எண்ணெ தேச்சு விட்டுச்சு. வெந்நி காயட்டும்னு இங்க வந்து நின்னேன்."

"கதிர வச்சு மறிச்சிருந்த எடத்துல வந்து எதுக்கு நிக்கிற?"

"அவரு போன் பண்ணியிருந்தாரு. தீபாவளிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்னு."

"வரலையே அவன்!"

"அது எனக்கு அப்பத் தெரியாதேண்ணே."

மாமா குடையை மடக்கினார். குரலும் இறங்கியிருந்தது. "சரி, போன. திரும்பி வந்தியே, அந்தக் காலு எங்க?"

அப்பா சுவரடிவரை போய், அவளுடைய பாதங்களுக்குப் பக்கத்தில் குந்தி, பெயின்ட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெ எறங்கின எடத்துல பெயின்ட் புடிக்கல மச்சான். அடியில இருக்குற தண்ணி அங்க மட்டும் தூக்கியிருக்கு" என்றார். பிறகு வாசல்வரை திரும்பிப் பார்த்து, "திரும்பி வரும்போது காலுல எண்ணெ இருந்திருக்காது. எல்லாம் இந்த ரெண்டு எடத்துலேயே எறங்கிருச்சு" என்றார்.

சுவருக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காதை வைக்காமலே கேட்டது. மாமா அந்த இரண்டு பாதங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதச் சொரண்டிப் போட்டுட்டு, அந்தச் சீமெந்துப் பூச்சையே அடிச்சு விடுங்க மாப்ள" என்றார் கடைசியில். "ஊசி விழுந்தா காந்தம் வச்சு எடுத்துக்கட்டும்."

சாப்பிடக்கூட நிற்காமல், தனியாகத்தான் பஸ் ஏறினார்.

பேய் இல்லை என்று ஆனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அப்பா சொன்னது சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மழை விட்ட ஒரு பகலில், அடுப்படியிலிருந்து நல்லெண்ணெயை எடுத்துப் போய்ப் பாதங்களில் தடவிக்கொண்டு, அசிட்டால் கழுவிப் பூச்சு அடிக்காமல் விட்ட அந்த வாசல் படியில் சுவரைப் பார்த்து நின்றேன். வாய்பாடு முழுவதையும் சொன்னேன். பாரதியார் பாட்டுச் சொன்னேன். கால் உளைந்தது. இதற்கு மேல் உலகத்தில் யாராலும் நிற்க முடியாது என்று தோன்றியபோது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பி நடந்தேன். என் கால்கள் பளபளவென்று என்னோடு அடுப்படிவரை திரும்பி வந்தன.

அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டே யோசித்தேன். அம்மா சித்திக்கு எண்ணெயைக் கொஞ்சமாகத் தேய்த்திருப்பாள், நான்தான் அதிகமாகத் தடவிவிட்டேன் என்று முடிவுசெய்தேன்.