எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பங்சாரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். தபால் வழியில் பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடக் கட்டுரைக்குப் பெண்கள் வரலாறு என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நூலகத்தில் தேடினால் ராஜாக்களும் மந்திரிகளும்தான் இருந்தார்கள். அதனால் வேலை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்துபோய், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த சைபர் கஃபேயில் உட்காருவேன்.

முதல் வாரம் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுக் கல்லூரிகள் பெண்கள் வரலாற்றுக்கென்றே இணையப் பக்கங்கள் வைத்திருந்தன. ஓட்டுரிமைக்கு ஊர்வலம் போனவர்கள், நூல் மில்லில் வேலை நிறுத்தம் செய்தவர்கள், முதல் பெண் டாக்டர்கள் என்று ஏகப்பட்ட பேர். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தொப்பி தெரியும், முகம் தெரிவதற்குள் லைன் அறுந்துவிடும். பிறகு நம் ஆட்களைத் தேடினேன். ரப்பர் தோட்டம், தமிழ்ப் பெண்கள் என்று ஆங்கிலத்தில் அடித்தால் டயர் கம்பெனியும் கையுறை கம்பெனியும் வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் பால்மரம் சீவியவர்களுக்கு ஒரு வரிகூடவா கிடையாது?

அந்தக் கல்லூரிப் பக்கம் ஒன்றில், உங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன பெண்ணைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பும் ஒரு பாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வீட்டில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"படிப்புக்கா? எழுதிக்கோ" என்றார் அம்மா.

நான் அப்போது நான்கு மாதக் குழந்தையாம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கப் புதிதாக வந்த கிராணி அதை நிறுத்திவிட்டார். குழந்தைகள் கத்தும் சத்தம் மரக்காடுவரை கேட்டதாம். நான்காவது நாள் ஏழு பெண்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் லோரி வந்தது. இரண்டு நாள் லாக்கப். அம்மாவுக்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வந்து, மூலையில் திரும்பி உட்கார்ந்து சுவரோரமாகப் பாலைப் பீய்ச்சி விட்டிருக்கிறார். எனக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்திருக்கிறாள். அவர்கள் வெளியே வந்த மறுநாளே பத்து மணி வழக்கம் திரும்ப வந்துவிட்டதாம்.

அப்பா இருந்தவரை இந்தக் கதை எங்கள் வீட்டில் அடிபட்டதே இல்லை. அம்மா அவமானத்தில்தான் இத்தனை நாள் மூடி வைத்திருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நேராக அந்தப் பாரத்தில் அடித்தேன். சுவரும் பாலும்கூட விடாமல். நாங்கள் அரசாங்க ஆபீஸ்களில் கவுண்டர் கவுண்டராக நின்று வளர்ந்தவர்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பாரம் திரும்பி வந்துவிடும். ஆகவே அடையாளக் கார்டில் உள்ளபடி அம்மாவின் முழுப்பெயர், இன்னாரின் மகள் என்று தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், இப்போது நாங்கள் குடியிருக்கும் தாமானின் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அத்தனையும் தடித்த எழுத்தில் உலகத்துக்கே தெரிகிற மாதிரி நின்றது. அன்றைக்கு எனக்குப் பெருமைதான்.

அடுத்த மாதம் தங்கைக்கு வரன் வந்தது. கிள்ளானிலேயே மளிகை மொத்த வியாபாரக் குடும்பம். பையன் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய அம்மா எங்கள் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், காலண்டர்கூடத் தப்பவில்லை. பிறகு, "எந்தத் தோட்டம்? எத்தனை வருஷம் இருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் அம்மாவோடு சமையலறைக்குள் போய்விட்டார். பையன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"இப்ப எல்லாமே நெட்ல இருக்குலா அக்கா. யார் பேரை அடிச்சாலும் வந்துடும்."

லாக்கப்பில் இருந்தவளின் மகள் என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நிற்குமா? தங்கைக்கு அவனைப் பிடித்திருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சைபர் கஃபே. அம்மா பெயரை அடிப்பேன். முதலாவதாக அதுதான் வரும். பக்கத்தின் அடியில், இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று இருந்தது. திங்கள் நாற்பத்தொன்று. செவ்வாய் நாற்பத்திரண்டு, அது நான்தான். புதன் நாற்பத்தாறு. மீதி மூன்று பேர் யார்? எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை அண்ணே, "என்ன அக்கா, ரிசல்ட் பார்க்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி அந்தக் கல்லூரிக்கு எழுதினேன். பொறுப்பில் இருந்த அம்மாள் நல்லவர். பெயர்களை மட்டும் நீக்கிவிடலாமா, பலர் விரும்பிப் படிக்கிறார்களே என்று கேட்டு எழுதினார். வேண்டாம், முழுவதையும் எடுங்கள், ஒரு எழுத்துகூட இருக்கக்கூடாது என்று பதில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அடித்துப் பார்த்தால், அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. கீழே இறங்கிவந்து நின்றபடியே இரண்டு வடை சாப்பிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

பரிசம் போட வந்த அன்று சம்பந்தியம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"அம்மாவப் பத்தி இங்கிலீஷ்ல எழுதுனது நீதானாமே? பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே உங்கம்மா என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போய் மகன்கிட்ட சொன்னேன். அவன் உங்கம்மா பேரை அடிச்சுத் தேடி எடுத்து எனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுனான். அழுதுட்டேன் போ. என் தங்கச்சிங்களையும் கூப்பிட்டுக் காட்டுனேன். போன வாரம் மறுபடி படிடான்னா காணோங்கிறான். உன்கிட்ட பேப்பர்ல இருக்கா?"

இல்லை. நகல்கூட எடுத்து வைக்கவில்லை. "ஏதோ கோளாறு ஆன்டி" என்று பொய் சொன்னேன். ஏழு பெண்களுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பக்கம் அது. என் கையாலேயே எழுதிக் கேட்டு அழித்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அவர் போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "லாக்கப் கதையை ஏம்மா அவங்ககிட்ட சொன்னீங்க? சம்பந்தம் முறிஞ்சிருந்தா?"

அம்மா தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்குவதை நிறுத்தினார்.

"ஏன், திருடிட்டா உள்ள போனேன்? உனக்குப் பால் குடுக்கணும்னு கேட்டேன், புடிச்சிக்கிட்டுப் போனான்."

ஹாலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, தன் வழக்கமான குரலில்தான் சொன்னார். யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தது நான் மட்டும்தான்.