வர்க்கிச் சேட்டன் தொட்டியின் மூடி

மட்டாஞ்சேரியில் பப்படம் போட்டு விற்கிறவள் நான். எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் என் கைப்பப்படத்தை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

எங்கள் சுவரை ஒட்டி, கடை வைத்து மண்ணெண்ணெய் விற்கும் வர்க்கிச் சேட்டனின் தொட்டி. ஆவி போக அதன் தலையில் ஒரு குழாய் உண்டு. நாற்றம் பப்படத்தில் ஏறுகிறது, குழாயை உயர்த்தி வையுங்கள் என்று கேட்டேன். அவரோ குழாய் வாயில் மரக்கட்டையை அடித்து இறுக்கிவிட்டு, "இனி மணக்காது கேட்டோ, பப்படத்து மகாராணி!" என்றார். தெருவே சிரித்தது.

அந்தக் கோடையில் பக்கத்துக் கயிற்றுக் கிடங்கு பற்றிக்கொண்டது. தீ தொட்டிக்கு உள்ளே போகவில்லை, வெளியே நின்றே சுட்டது. உள்ளே எண்ணெய் கொதித்தது, ஆவிக்கு வழியில்லை. தொட்டி உப்பிக்கொண்டு முனகியது. நடக்க முடியாத என் வீட்டுக்காரரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினேன். முக்குத் திரும்பியதும் வெடித்தது. மூடி பறந்து வந்து, கூரையைப் பிய்த்து, அவர் படுத்திருந்த கட்டிலைப் பிளந்தது.

பிறகு வர்க்கி வந்து, "அந்த மூடியைத் தா அக்கா, புதுத் தொட்டிக்கு ஆகும்" என்றார்.

"தரமாட்டேன். எனக்கு அதுல வேலை இருக்கு சேட்டா."

இப்போது அவர் கடைக்கு நேரெதிரே அந்த மூடியில் துணி விரித்துத்தான் பப்படம் காயப்போடுகிறேன். இது என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவர் காதில் விழும்படி முதலிலிருந்து சொல்வேன். தினமும் காலையில், "புதுத் தொட்டியில ஏணி போட்டு ஏறுங்க சேட்டா, குழாய் திறந்திருக்கான்னு காட்டுங்க" என்று கூப்பிடுவேன். ஏறுவார். தெருவே பார்க்கும்.