முதல் ஷிஃப்டுக்கு முந்தைய பூசை

ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றதும் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் நான் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா எனக்குத் தனியாக ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார். அம்மா எல்லோரையும் திருத்தித் திருத்தி அலுத்துப்போனாள். அப்பா திருத்தவில்லை. இயேசுவுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் அவரை நம்பியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படிப்பதற்கு ஒரு படிப்பு உண்டு என்பதையே அவர் நம்பவில்லை.

"அவங்க எத்தினி மணிக்கு சாமி கும்பிட்டா உனக்கு இன்னாம்மா? அப்ரெண்டிஸ் ஃபாரம் வாங்கியாந்து வச்சிக்கினு இருக்கேன். எழுதிக் குடு, நாளைக்கு பர்மனெண்ட் ஆயிடலாம்."

அந்த ஃபாரம் டி.வி. மேல் ஒரு வருஷம் கிடந்தது.

அப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டை இயக்கும் ஆபரேட்டர். சுரங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விடிவதற்குள் முதல் ஷிஃப்ட் பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன் பிறகுதான் கோயில் மணி அடிக்கும். உலகமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை, சிலருக்கு ஷிஃப்ட்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதில், புதுநன்மை. பூசையில் முதன்முதலாக 'நன்மை', அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் நாள். முந்தைய இரவு ஷிஃப்ட் போன அப்பாவை விடுவிக்க வரவேண்டிய ஆள் வரவில்லை. பூசை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போதுதான் யூனிஃபார்மும் கரித்தூசியுமாக ஓடிவந்தார். அப்போதிருந்த சாமியார் என் தலையில் கைவைத்தபடியே, "பிள்ளை நன்மை வாங்குற அன்னைக்குக்கூட கடவுளுக்கு நேரமில்லையா?" என்று உரக்கக் கேட்டார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அந்தச் சாமியாரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீக்லி ஆஃப் விழுந்தாலும் அவர் கோயிலுக்கு வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் ஸ்கூட்டரு கழுவணும்" என்பார். நெய்வேலியிலேயே அவ்வளவு சுத்தமான ஸ்கூட்டர் வேறு இருந்திருக்காது.

ஃபாரத்தை எழுதாமலே சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆய்வின் முதல் அத்தியாயத்தில், "முதல் ஷிஃப்டுக்கு முன்பே கூடினார்கள்" என்று வெள்ளந்தியாக எழுதிவைத்திருந்தேன். என் நெறியாளர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ரோமாபுரியில ஏதும்மா ஷிஃப்ட்?"

சொல்லை அடித்துவிட்டேன், விஷயத்தை விடவில்லை. அந்தக் காலத்தில் ஞாயிறு விடுமுறை நாளே அல்ல. நம்பியவர்களில் அடிமைகளும் கூலிக்காரர்களும் நிறைய. அதனால் விடியுமுன் கூடிவிட்டு வேலைக்கு ஓடினார்கள். மற்றவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. அந்த நேரத்திலும் எவனாவது ஒருவன் வேலையில் இருந்திருப்பானே, அவன் என்ன ஆனான்? ஐந்து வருஷம் அதைத்தான் தேடினேன். பாதி படிப்பு, பாதி கோபம்.

வாய்மொழித் தேர்வு அன்று அப்பா சிநேகிதரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆய்வைத் தமிழில் எழுதியிருந்ததால் பேச்சும் தமிழில்தான். கடைசியில் தலைவர், "அவையில யாரும் கேள்வி கேக்கலாம்" என்றார். சம்பிரதாயத்துக்குச் சொல்வது. அப்பா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆஃபீசர் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? அந்த நேரத்துக்கும் ஒருத்தனுக்கு வேல இருந்துதுன்னு வச்சிக்குங்க. அவனால வர முடியல. அவனுக்கு நன்மை கெடையாதுங்களா?"

பெற்ற மகளை 'ங்க' போட்டுக் கேட்டார். நானும் அப்படியே பதில் சொன்னேன்.

"உண்டுங்க. வர முடியாதவங்களுக்குன்னு அப்பத்துல ஒரு பங்கு எடுத்துவச்சி, தொண்டர்கள் அவங்க இருக்கிற எடத்துக்கே கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க. ஏன் வரலன்னு அவங்களத் திட்டினதா நான் படிச்ச எதுலயும் இல்லீங்க."

அப்பா தலையாட்டினார்.

"எனக்கு யாரும் எடுத்தாரலீங்க. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தேர்வு பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தலைவர் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது வேலைக்கான நேர்காணல்களில் உங்கள் ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்று தவறாமல் கேட்கிறார்கள். நானும் அதற்கென்று வைத்திருக்கும் பதிலைச் சொல்கிறேன். வாய்மொழித் தேர்வுக்கு அடுத்த மாதம் அப்பாவுக்கு வீக்லி ஆஃப் விழுந்த ஒரு ஞாயிறைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை அப்பா ஸ்கூட்டரைக் கழுவவில்லை. முந்தின நாள் சாயங்காலமே போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்ததாக அம்மா சொன்னாள். அந்தப் பழைய சாமியார் மாறிப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நன்மை வாங்கும் வரிசையில் அப்பா முன்னால், நான் பின்னால். பாதி தூரம் போனதும் அவர் மெல்லத் திரும்பினார்.

"ஏம்மா, இப்பல்லாம் நாக்குல குடுக்கறாங்களா, கையிலயா?"

இரண்டாம் நூற்றாண்டில் எப்படிக் கொடுத்தார்கள் என்று நானூறு பக்கம் எழுதியவள் நான். என் அப்பா இருபது வருஷமாக வாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

"கையிலப்பா" என்றேன்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் வெள்ளை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார், கரி ஒட்டியிருக்கிறதோ என்று பார்த்தார், பிறகு நீட்டினார்.