மாதா மெட்டின் பிறப்பிடம்

ஆதாரமில்லாமல் மேடையில் ஒரு சொல்லும் உதிர்ப்பதில்லை என்பது என் பெருமை. அந்தப் பெருமையோடுதான் சென்ற ஆண்டு எங்கள் பங்கின் லூர்து மாதா திருநாளில், பவனியின்போது இசைக்கப்படும் மெட்டைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கினேன். “மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களின் மூச்சில் பிறந்த மெட்டு இது!” என்றேன். கரவொலி அடங்க நேரமாயிற்று. ஆதாரம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மாமி சொன்னார் என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இருந்திராது.

இந்த ஆண்டும் என்னையே அழைத்தார்கள். பொருளும் அதே மெட்டு. திருநாளுக்கு முதல் நாள், மாமியோடு தமிழ்க் கடைத்தெருவான ‘ரூ காய்’க்கு மரக்கறி வாங்கப் போயிருந்தேன். அன்று பாரிஸில் றக்பிப் போட்டி. கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஸ்கொட்லாந்துக்காரர் கூட்டமொன்று கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி வந்து கொத்துரொட்டிக் கடை வாசலில் வரிசையாக நின்றது. அவர்களில் செந்தாடிக்காரர் ஒருவர் பாக்பைப்பைக் கக்கத்தில் இடுக்கி, அதன் தோற்பையில் காற்றை ஊதி நிரப்பி, வாசிக்கத் தொடங்கினார்.

மாதா மெட்டு. வேகம் மட்டும் இரண்டு மடங்கு.

மாமி முருங்கைக்காய்ப் பையைக் கீழே வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். மாசிக் குளிரில், நனைந்த நடைபாதையில், காலுறையோடு நின்று சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். பின்னால் வந்த இரண்டு பெண்களும் அவ்வாறே செய்தார்கள். அந்த மெட்டு ஒலிக்கும்போது காலணியோடு நிற்பதில்லை என்பது எங்கள் வழக்கம். வாசித்து முடித்த செந்தாடிக்காரர், தமக்கு இத்தனை மரியாதையா என்று நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினார்.

“மாதாப் பாட்டை இவர் எங்கை பழகினவர்? கேள் பிள்ளை,” என்றார் மாமி.

கேட்டேன். கல்யாண வீட்டில் விருந்தினரைச் சாப்பாட்டுக்கு அழைக்கும் மெட்டாம். யார் கட்டியதென்று அவர் ஊரில் எவருக்கும் தெரியாதாம். முத்துக் குளித்தவர்கள் அந்த நடைபாதையிலேயே மூழ்கிப் போனார்கள். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் லா கூர்னெவ் புறநகரில் உள்ள வீட்டில், ஊர்ப் பள்ளிக்கூட பாண்ட் குழுவில் கிளாரினெட் வாசித்தவரான மாமாவை விசாரித்தேன்.

“ஓம், அது வெள்ளைக்காரன்ரை மெட்டுத்தான்,” என்றார், தேத்தண்ணியை ஆற்றியபடி. “எங்கடை பாண்ட் புத்தகத்திலை கிடந்தது. ஒரு திருநாளிலை பவனி நீண்டு போச்சு. தெரிஞ்ச பாட்டெல்லாம் ரெண்டு தரம் வாசிச்சு முடிஞ்சுது. விளையாட்டுப் போட்டிக்கு வாசிக்கிற இதை மெல்லமா எடுத்து விட்டம். சனம் அழுதுது. அடுத்த வருசமும் அதைத்தான் கேட்டவை.”

“போன வருசமே ஏன் சொல்லேல்லை, மாமா?”

“நீ முத்துக்குளிப்பு எண்டு முழங்கேக்கை எனக்கே புல்லரிச்சுது. குழப்ப மனம் வரேல்லை.”

மாமி அடுப்படியிலிருந்து வந்தார். “அப்ப இத்தினை வருசம் என்னைச் சப்பாத்துக் கழட்ட வைச்சது நீங்களோ?”

“நான் கழட்டச் சொன்னனானோ?”

எனக்கு அது சிரிக்கும் நேரமாக இல்லை. மறுநாள் உண்மையைச் சொன்னால் நானே என் பேச்சைக் கவிழ்த்தவளாவேன். சொல்லாவிட்டால் அறிந்தே பொய்யுரைத்தவளாவேன். சனம் கோபிக்காதா என்று மாமியிடம் கேட்டேன்.

“மாதாவே எங்கடை ஊர் ஆளில்லை. அதுக்காக வேண்டாமெண்டு விட்டனாங்களோ? சொல்லு!”

“சென்ற ஆண்டு இதே இடத்தில் நான் சொன்னது பிழை.” அப்படியொரு வாக்கியத்தில் நான் எந்த உரையையும் தொடங்கியதில்லை. மறுநாள் ஆலய முற்றத்தில் அப்படித்தான் தொடங்கினேன். கல்யாணப் பந்தியைச் சொன்னேன். பாண்ட் புத்தகத்தைச் சொன்னேன். விளையாட்டுப் போட்டியைச் சொன்னபோது முதலில் சிரித்தவர் பங்குத் தந்தை. மாமா எழுந்து கைகூப்பினார். கரவொலி சென்ற ஆண்டைவிட நீண்டது. இதற்கு ஆதாரம் உண்டு, நான் கவனித்தேன்.

கொத்துரொட்டி உண்டு என்றதும் ஒப்புக்கொண்ட செந்தாடிக்காரர் பவனிக்கு முன்னால் நின்றார். மெதுவாக வாசிக்கும்படி வேண்டியிருந்தோம். முற்றத்தின் முதல் மூலைவரை மெதுவாகத்தான் போனார். பிறகு மெட்டு தன் சொந்த வேகத்தை நினைத்துக்கொண்டது. மாதாவைச் சுமந்தவர்கள் காலுறையோடு ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தார்கள்.

“அண்ணை, மெல்லமா! மாதா விழப்போறா!”

அவர்களையும் முந்திக்கொண்டு, சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி, மாமி சிரித்துக்கொண்டே ஓடினார்.